முடக்க முடியாத பதிவும் ஒற்றை வரிக் கட்டளையும்

கணக்கு மென்பொருளின் திருத்தப் பதிவை முடக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்ற கம்பெனிகள் (கணக்கு) விதி 3(1), இருமுறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பதிவு ஆண்டு முழுதும் ஓடியதா, அதில் யாராவது கைவைத்தார்களா என்று தணிக்கையாளர், கம்பெனிகள் (தணிக்கை மற்றும் தணிக்கையாளர்கள்) விதி 11(ஜி)-யின்கீழ் எழுதித் தர வேண்டும். ஐபிஎம் ஐ-யில் சொந்தக் கணக்கு முறை ஓட்டும் நம்மவர் சிலர் இதற்குக் குறுக்குவழி பிடித்திருக்கிறார்கள். இரவு பேட்ச் முடிந்ததும் திருத்தப் பதிவை ஐஎஃப்எஸ்ஸில் ஸ்ட்ரீம் ஃபைலாக இறக்கி, சிஎச்ஜிஏடிஆர் கட்டளையால் ரீட்-ஒன்லிக்கு ‘யெஸ்’ கொடுத்துவிடுகிறார்கள்.

இதை விதிக்கு இணங்கிய ஏற்பாடாக இந்த இதழ் ஏற்கவில்லை.

ரீட்-ஒன்லி போட்ட ஃபைலை ஆல்ஆப்ஜ் உள்ளவரும் எழுதத் திறக்க முடியாது. சிஎச்மாட் 777 கொடுத்தாலும் அசையாது. அதைப் பார்த்துத்தான் நம்பிவிடுகிறோம். ஆனால் அது ஆப்ஜெக்டின் பண்பு மட்டுமே, அதாரிட்டி அல்ல. ஃபைலின் மேல் எழுதும் உரிமை உள்ளவர் அதே கட்டளைக்கு ‘நோ’ கொடுக்கலாம். ஆர்பிஜியில் க்யூசிஎம்டிஇஎக்ஸ்சி வழியாகவோ க்யூபி0எல்செட்ஆட்டர் ஏபிஐ வழியாகவோ பண்பை நீக்கி, ஒரு வரியைத் திருத்தி, பண்பைத் திரும்பப் போடலாம். சப்ட்ரீக்கு ‘ஆல்’ கொடுத்தால் டைரக்டரி முழுதும் ஒரே ஓட்டத்தில் திறந்துவிடும். அந்த ஆப்ஜெக்டுக்கு ஆடிட்டிங் வைக்காவிட்டால் ஆடிட் ஜர்னலில் இசட்சி என்ட்ரிகூட விழாது.

எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது? இந்த இதழ் விடாமல் கேட்டுவரும் கேள்வி இது. ரூட் டைரக்டரியை, பப்ளிக்குக்கு ஆர்டபிள்யூஎக்ஸ் கொடுத்தே ஐபிஎம் பல பத்தாண்டுகளாக அனுப்பிவந்தது. அதன்கீழ் வழக்கமான முறையில் டைரக்டரி உருவாக்கினால் அந்த உரிமை அப்படியே இறங்கும். திருத்தப் பதிவு போய் விழுவதும் அங்கேதான். பேட்ச் ஓட்டும் ப்ரொஃபைலுக்கு ஆல்ஆப்ஜ், அதே ப்ரொஃபைல் டெவலப்பர்களுக்குக் குரூப் ப்ரொஃபைல் என்ற வழக்கமும் சேர்ந்தால் எழுத முடியாதவர் என்று யார் மிச்சம்? தயாரிப்பாளர் இந்த இயல்புநிலையை மூடித் தந்திருக்க வேண்டும். 1988 முதல் பாதுகாப்பையே பெருமையாகச் சொல்லி விற்ற குடும்பத்து இயந்திரம் இது. மூடும் வேலையை ஒவ்வொரு ஷாப்பின் தலையிலும் கட்டியது நியாயமே இல்லை.

இந்த விதியை எழுதிய அமைச்சகத்தின் மேலும் நமக்கு வருத்தம் உண்டு. ‘முடக்க முடியாது’ என்கிறது விதி. யாரால் முடியாது என்று சொல்லவில்லை. பயனரா, புரோகிராமரா, செக்யூரிட்டி ஆபீசரா? இருமுறை தள்ளிவைத்த காலத்தில் அந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம். சேர்க்காததால், ஸ்கிரீனில் ரீட்-ஒன்லி ‘யெஸ்’ என்று காட்டினாலே தணிக்கை தீர்ந்தது என்று நினைக்கும் துணிச்சல் வந்திருக்கிறது.

திருத்தப் பதிவு டிபி2 டேபிளில், ஜர்னலோடு இருக்கட்டும். ரிமோட் ஜர்னல் வேறொரு பார்ட்டிஷனுக்குப் போகட்டும். அங்கே நிர்வாகியும் வேறு ஆளாக இருக்கட்டும். ஐஎஃப்எஸ் நகல் வேண்டுமென்றால் அந்த டைரக்டரியில் பப்ளிக்கை எக்ஸ்க்ளூட் ஆக்குங்கள், சிஎச்ஜிஏயுடி கொடுத்து ஆப்ஜெக்ட் ஆடிட்டிங்கை ‘சேஞ்ச்’ என்று வையுங்கள், க்யூஏயுடிசிடிஎல்லில் ஆப்ஜ்ஆட் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைச் செய்த பிறகு ரீட்-ஒன்லியும் போட்டுக்கொள்ளுங்கள். கைதவறி அழிப்பதை அது தடுக்கும்.