ஆம்புலன்ஸிலிருந்து வார்டுக்கு...

"ரெண்டு வருஷம் வீணாப் போச்சே, டாக்டர்!"

மூட்டுவலித் தைலம் வாங்க வந்த ஒரு தகப்பனார் இப்படிப் புலம்பினார். மகள் பிளஸ் டூவுக்குப் பிறகு ஓராண்டு 'எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன்' படிப்பு முடித்து, ஒரு வருஷம் ஆம்புலன்ஸில் வேலையும் பார்த்தாள். இப்போது பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கணும் என்கிறாளாம். அதுவும் முதல் வருஷத்திலிருந்து!

கூட வந்திருந்த பெண்ணிடமே, "ஏம்மா?" என்று கேட்டேன்.

"கேஷுவாலிட்டியில விட்டுட்டு அடுத்த கேஸுக்கு ஓடிடறோம். அவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னே தெரியறதில்லை, டாக்டர்" என்றாள்.

இதைக் கேட்ட பிறகு அந்த இரண்டு வருஷத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரத்தத்தைப் பார்த்துப் பதறாத மனசு, நாடித்துடிப்பையும் மூச்சையும் சட்டென்று கவனிக்கிற கண், நோயாளியை அலுங்காமல் தூக்கத் தெரிந்த கை... இவையெல்லாம் அவளோடு வகுப்புக்கு வரும்.

ஆனால் நர்ஸிங் வேறு வேலை. ஆம்புலன்ஸில் ஒரு நோயாளி, சில நிமிஷங்கள். வார்டில் பல நோயாளிகள், ராத்திரி முழுக்க! பக்கவாதத்தில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண். அப்படி முதுகில் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே என் தைலம் என்ன செய்யும், சொல்லுங்கள்? 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு, பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்காக வைத்தது சும்மா இல்லை.

ஆகவே உடற்கூறு, உடலியங்கியல், ஊட்டச்சத்து என்று முதலிலிருந்து படிப்பதில் தப்பே இல்லை. இங்கேதான் சில புரோக்கர்கள் நுழைகிறார்கள். "பாராமெடிக்கல் முடிச்சிருக்கா? நேரா ரெண்டாம் வருஷத்துல போட்டுடலாம்!" என்பார்கள். நம்பாதீர்கள். மூன்று வருட ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு இரண்டு வருட 'போஸ்ட் பேஸிக்' பி.எஸ்ஸி. உண்டு. பாராமெடிக்கல் படித்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. முழுசாக நாலு வருஷம்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கவும் வேண்டும். காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டு ஏதோ டிப்ளமோவால் அதைச் சரிக்கட்ட முடியாது. படித்து முடித்தபின் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு ஆகாவிட்டால் சர்ட்டிஃபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணம் கட்டுமுன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே கவுன்சிலில் விசாரியுங்கள்.

அந்தப் பெண் பையிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்து நீட்டினாள். உயிரியல் இருந்தது; மார்க்கும் மோசமில்லை. தகப்பனார் விரல்விட்டு எண்ணினார். "முடிக்கும்போது இருபத்தஞ்சு ஆயிடுமே... சரி, அப்ளிகேஷன் எப்போ தர்றாங்க?" என்று கேட்டபடியே எழுந்து போனார். மறந்துவிட்டுப் போன தைலத்தை மகள்தான் திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள்.