குடல் புண்ணும் சீனத்து ஊசியும்

மலத்தோடு இரத்தம் போனால் நம் தோட்டத்து வீடுகளில் "மூலச்சூடு" என்று சொல்லி, மோரும் வெந்தயமும் கொடுத்து விட்டுவிடுவார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லாத தாய்மார்களும் உண்டு. ஆனால் வாசகர்களே, இரத்தமும் சளியும் கலந்து, நாளுக்கு ஆறேழு முறை அவசரமாக ஓட வைத்து, வாரக்கணக்கில் நிற்காமல் இருந்தால் அது பெருங்குடலின் உட்சவ்வு புண்ணாகும் வியாதியாக இருக்கலாம். 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்பார்கள் டாக்டர்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. இது தொற்று நோயல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

இதற்குச் சீன ஊசி வைத்தியமான அக்குபங்சர் குணம் தருமா? பட்டணத்துச் சின்சேயிடம் போய் வந்து வயிறு லேசானது என்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையில், எலும்புக்கு வெளிப்பக்கமாக ஓரிடம். தொப்புளுக்கு இருபுறமும் ஓரிடம். மயிரிழை போன்ற ஊசியை அங்கே செருகிச் சற்று நேரம் வைப்பார்கள். மாசிபத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் உண்டு.

2006இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 29 நோயாளிகள். ஒரு சாராருக்கு உரிய இடங்களில் ஊசி. மற்றவர்களுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் பெயருக்கு மேலோட்டமாக. முதல் சாராருக்கு நோயின் வேகம் கூடுதலாகத் தணிந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கை சற்றுச் சுகப்பட்டது இரு சாராருக்குமே! 29 பேரை வைத்து ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ல முடியுமா? சீனாவில் நடந்த சோதனைகளும் பெரும்பாலும் சிறியவைதாம்.

எனக்குப் பயம் ஊசியைப் பற்றியல்ல. வயிறு லேசானதும் ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கி எறிகிறார்களே, அதைப் பற்றித்தான். மெசலசின் மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த புண் மறுபடி கிளம்பலாம். ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இந்நோய் எட்டு, பத்து ஆண்டு நீடித்தால் குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கேமரா வைத்துக் குடலைப் பார்ப்பதை ஊசியால் ஈடு செய்ய முடியாது.

மாத்திரையோடு சேர்த்து ஊசியும் போட்டுக்கொள்ள விரும்பினால், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலேசியாவில் பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவு செய்ய 2016இல் சட்டமே வந்திருக்கிறது. பதிவுச் சான்றைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். உங்கள் கண்ணெதிரே புதுப் பொட்டலத்தைப் பிரித்து ஊசியை எடுக்க வேண்டும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள்காமாலைக் கிருமி ஒட்டிக்கொள்ளும்.

காய்ச்சலோடு வயிறு உப்பி, இரத்தம் அதிகமாகப் போய்த் தலை சுற்றினால் அன்றைக்குச் சின்சேயும் வேண்டாம், மோரும் வேண்டாம். வண்டி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.