அயிரை எச்சில் பொறுக்க வந்ததா?

நம்மவர் வீடுகளில் மீன்தொட்டி வைப்பது பெருகி வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்க இடமில்லை. பூனை என்றால் எதிர்வீட்டாருக்குச் சம்மதமில்லை. குழந்தைகளின் நச்சரிப்புக்கு மீன்தொட்டிதான் சமாதானம். கொல்கத்தாவில் ஞாயிறு காலை காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போகிறவர்கள் நான்கு மோலி வாங்கும்போது கூடவே ஒரு வரிமீனையும் வாங்கி வருகிறார்கள். "அடியில் கிடக்கும் மிச்சத்தைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்" என்று கடைக்காரர் உத்தரவாதம் தருகிறார். அந்த உத்தரவாதத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆங்கிலத்தில் லோச் எனப்படும் இந்த மீன் நமக்கு அந்நியமல்ல. மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அயிரையும் ஒரு லோச்தான். இங்கே சந்தையில் கிடைக்கும் மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட மீன், அயிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கங்கை, பிரம்மபுத்திரா நீர்நிலைகளில் வாழ்வது. வங்காளிகள் இதை 'ராணி மாச்' என்பார்கள். கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட நூலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. ராணி என்று பெயர் பெற்ற மீனை நாம் துப்புரவு வேலைக்கு வைத்திருக்கிறோம்!

இதன் உடலமைப்பைப் பாருங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கிறது. வாயைச் சுற்றி மீசைகள். மணலைத் தடவி இரையைக் கண்டுபிடிக்க அவைதான் உதவுகின்றன. பகலில் பெரும்பாலும் கல்லுக்கடியில் பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகே சுறுசுறுப்பாக இரை தேடும். ஆற்றில் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் சிறு நத்தைகளும் இதன் உணவு. நாம் என்ன செய்கிறோம்? காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் மிதக்கும் தீனியை ஒரு சிட்டிகை தூவுகிறோம். மேலே நீந்தும் மீன்கள் அதைக் காலி செய்துவிடுகின்றன. தப்பித்தவறி அடியில் விழுவது ஊறிக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கிறது. அயிரை பட்டினி கிடக்கிறது. வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னே முதுகு கத்தி விளிம்பு போல மெலிந்தால் அதுதான் அறிகுறி. நன்றாகத் தின்றும் மெலிந்தால் குடலில் புழு இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும்.

இதற்கு நல்ல வழி, தீனியைக் கட்டியாக உறையவைத்துக் கொடுப்பது. வெளிநாடுகளில் இதற்கென்றே மாவு விற்கிறார்கள். வெந்நீரில் கலந்து ஆறவைத்தால் உறைந்துவிடும். அதைத் தேடி அலைய வேண்டாம். நம் வீடுகளில் பாலூற்றி இனிப்புச் செய்யும் கடல்பாசியே, அதாவது சைனா கிராஸே போதும்.

ஜெலட்டினை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். நம் கோடையில் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். கடல்பாசியோ கொதிக்கவைத்தால்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உறையும், மறுபடி 85 டிகிரிவாக்கில்தான் இளகும். ஆகவே இரவு முழுதும் தொட்டியில் கிடந்தாலும் கரையாது. இந்தப் பாசி நம் ஊர்ச் சரக்கு என்பது உபரி சந்தோஷம். ராமேஸ்வரம், பாம்பன் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் இது தயாராகிறது.

செய்முறை எளிது. தோல் நீக்கிய இறால் 100 கிராம், தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒரு பிடி, கீரை கொஞ்சம் எடுத்து ஆவியில் வேகவைத்து மிக்சியில் விழுதாக அரையுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. கால் லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கடல்பாசித் தூளைப் போட்டு, கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். சூடு சற்றுத் தணிந்ததும், உறைவதற்கு முன், விழுதைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். உறைந்ததும் சிறு வில்லைகளாக வெட்டி மூடிபோட்ட டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாளைக்கு வரும். விளக்கை அணைத்த பிறகு, தட்டையான கல்லின் மேல் ஒரு வில்லையை வையுங்கள். காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள். வாரத்தில் மூன்று இரவு இப்படிக் கொடுத்து, மற்ற நாட்களில் அடியில் அமிழும் தீனி போடலாம்.

ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். முதலாவது, நேரமில்லை என்பது. இட்லிக்கு மாவரைக்கும் வீட்டில் வாரம் அரைமணி நேரம் பெரிய விஷயமல்ல. இரண்டாவது, சைவக் குடும்பங்களின் தயக்கம். அது நியாயமானதே. இறாலைத் தொட மனமில்லாதவர்கள் கடையில் விற்கும் அமிழும் தீனியைப் பொடித்து, அதே கடல்பாசியில் கலந்து உறையவைக்கலாம். ஆனால் பட்டாணியும் கீரையும் மட்டும் கொடுத்து, "எங்கள் வீட்டு மீனும் சைவம்" என்று பெருமைப்படுவது தகாது. மீனை வீட்டுக்குள் அழைத்தபோதே அதன் உணவையும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். சந்தைக்கு வரும் ராணிகள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை அல்ல. ஆற்றிலும் ஓடையிலும் வலைபோட்டுப் பிடித்தவை. நம் தொட்டியில் ஒன்று பட்டினியால் செத்தால், அதன் இடத்தை நிரப்ப ஆற்றிலிருந்து இன்னொன்று வரும். இருபது ரூபாயோ ஐம்பது ரூபாயோ கொடுத்து வாங்கியதால் கணக்குத் தீர்ந்துவிடாது. லோச் இனத்தில் நன்கு பராமரித்தால் இருபது ஆண்டு வாழ்பவையும் உண்டு. நம் தொட்டியில் அவை இரண்டு மாதம் தாண்டுவதில்லை என்றால் குறை மீனிடம் இல்லை.

குழந்தைகளும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர் தின்று மிஞ்சியதைத் தின்னத்தான் சில உயிர்கள் பிறந்திருக்கின்றன என்ற பாடம் நம் வீட்டுக் கூடத்திலிருந்து போக வேண்டாம். தொட்டியைக் கழுவுவது நம் வேலை. அயிரைக்கு அதன் பங்கு உணவைத் தனியாக வைப்போம். ஒற்றையாக விடாமல் ஐந்தாறாக வளர்ப்போம். அதற்கு இடமோ நேரமோ இல்லையென்றால், அடுத்த ஞாயிறு சந்தையில் அதை வாங்காமல் திரும்புவோம். அதுவும் ஒரு தர்மம்தான்.