அந்தப் படம் எங்கே போயிற்று?

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கம். மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். எங்கள் வேளச்சேரி வீட்டில் வேலை செய்கிற அம்மாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

அவள் வீட்டில் ஒரு டெலிவிஷன் பெட்டி உண்டு. 2006-ஆம் வருஷத் தேர்தலுக்குப் பிறகு சர்க்கார் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்ததே, அந்தக் கலர் பெட்டிதான். பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கேபிள்காரருக்கு இரண்டு மாதப் பாக்கி. இணைப்பை நிறுத்திவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. அது அவருடைய பிழைப்பு. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா, ஒன்றும் தெரியாமல் அந்தக் குடும்பம் தவித்தது.

"முன்னெல்லாம் மாடியிலே ஒரு கம்பி வெச்சாப் படம் வரும் சார். யாருக்கும் காசு குடுக்க வேணாம். அந்தக் கம்பி இன்னும் இருக்குது. இப்ப வெறும் பூச்சியாப் பறக்குது. அந்தப் படம் எங்கே சார் போச்சு?"

பெட்டியை இலவசமாகக் கொடுத்த ராஜ்யத்தில் படத்துக்கு வாடகை! இந்த வேடிக்கையை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், கற்பனை கொஞ்சம் அதிகம் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

அந்த அம்மாளின் ஞாபகம் சரியான ஞாபகம். டில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டெலிவிஷன் தொடங்கிற்று. சென்னைக்கு அது 1975-இல் வந்தது. சுவாமி சிவானந்தா சாலையில் நிற்கிற கோபுரம் காற்றில் படத்தை வீசும். அதை நம் வீட்டு மாடியிலிருக்கும் அலுமினியக் கம்பி பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு தரகர் கிடையாது. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி ஆரம்பித்தபோது, நம் தென்கோடிக் கடற்கரை ஊர்களில் கம்பியைத் தெற்கே திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் படத்தையும் பார்த்தார்கள். கடலைத் தாண்டி வந்த படத்துக்குக் கூடப் பாஸ்போர்ட்டும் வேண்டியிருக்கவில்லை, பணமும் வேண்டியிருக்கவில்லை.

பழைய காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். அந்தப் பழைய படம் மோசமான படம். காக்கை வந்து உட்கார்ந்தால் கோடு விழும். பக்கத்தில் உயரமாய் ஒரு கட்டிடம் எழுந்தால், கதாநாயகனுக்குப் பின்னால் அவனுடைய ஆவி போல இன்னொரு கதாநாயகன் நிற்பான். ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு ஏராளமான மின்சாரத்தையும் ஏராளமான அலை இடத்தையும் அது விழுங்கிற்று. 2021-இல் பிரசார் பாரதி, கேந்திர முக்கியத்துவமுள்ள ஐம்பது இடங்களைத் தவிர மற்ற எல்லாப் பழைய டிரான்ஸ்மிட்டர்களையும் 2022 மார்ச் 31-க்குள் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. மின்சாரம் மிச்சம், அலைவரிசைகள் புதிய காரியங்களுக்குக் கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். சரியான காரணம்தான். கிழவர் போக வேண்டிய காலத்தில் போனார். அதற்கு நான் அழவில்லை.

என் சண்டை வேறு. கிழவருக்கு ஒரு வாரிசு இருந்தது. அதைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு என்பது அந்த வாரிசின் பெயர். அதே கோபுரம், அதே காற்று, ஏறக்குறைய அதே கம்பி. படத்தையும் சத்தத்தையும் எண்களாக்கி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தால், முன்பு ஒரு ஸ்டேஷனுக்கு வேண்டியிருந்த இடத்தில் ஐந்து, பத்து ஸ்டேஷன்கள் உட்கார முடியும். ஆவிப் படம் கிடையாது, பூச்சி பறக்காது. வந்தால் கண்ணாடி போல வரும். இல்லாவிட்டால் அடியோடு வராது. பழைய பெட்டியானால் சின்ன மாற்றுப் பெட்டி ஒன்றை இணைத்துக்கொண்டால் போதும்.

இது ஏதோ மேல்நாட்டுக் கனவு என்று எண்ணாதீர்கள். 2016 பிப்ரவரி 25 முதல் இந்தியாவில் 16 நகரங்களில் தூர்தர்ஷன் இதை நடத்திற்று. அந்தப் பதினாறில் சென்னையும் ஒன்று.

நான் இதை அடுத்த வருஷம் தற்செயலாகத்தான் அறிந்தேன். அறிந்ததும் ரிச்சி தெருவுக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். எலக்ட்ரானிக் சாமான்களில் பழுத்த ஒரு கடைக்காரர், "அப்படி ஒண்ணு இந்தியாவிலே கிடையாதே சார்" என்று அடித்துச் சொன்னார். தாம் நின்ற இடத்திலிருந்து கோபுரம் அதிக தூரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதிலிருந்து என்ன வருகிறது என்பது தெரியாது. கடைசியில் கைப்பேசியில் செருகும் கட்டை விரல் அளவுக் கருவி ஒன்றைத் தபாலில் தருவித்தேன். மொட்டை மாடிக்குப் போய்ச் செருகினேன். ஐந்து ஸ்டேஷன்கள் துலக்கமாக வந்தன. இன்டர்நெட் இல்லை, பில் இல்லை, பெயர் கேட்பார் இல்லை. மாடிப்படியில் இரண்டு படி இறங்கினேன், சடக்கென்று நின்றுவிட்டது. மறுபடி ஏறினேன், வந்துவிட்டது. சின்னப் பையனைப் போல அன்று நான் ஏறி இறங்கியதை, வடாம் காயப்போட வந்த பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டுப் போனாள். என்ன நினைத்துக்கொண்டாளோ!

குழந்தை பிறந்ததை ஊருக்குச் சொல்லவில்லை; பெயர் சூட்டவில்லை. பிறகு, "பாருங்கள், இந்தக் குழந்தையை யாருமே கொஞ்சவில்லை" என்று சொன்னால் அது என்ன நியாயம்? விற்கிற பெட்டிகளிலெல்லாம் இதை வாங்கிக்கொள்ளும் கருவி இருந்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் செய்திருந்தால், ஏழெட்டு வருஷத்தில் வீட்டுக்கு வீடு அது வந்திருக்கும்.

என் நண்பர் ஒருவர், விவரம் தெரிந்தவர், என்னோடு வாதாடினார். "ஐயா, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. கேபிள் இருக்கிறது. போதாக்குறைக்கு மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் டிஷ் 2004-லிருந்து இருக்கிறது. இன்னும் கம்பி எதற்கு?"

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கேபிள்: 2019-இல் வந்த விதிப்படி, காசு கேட்காத ஸ்டேஷன்களை மட்டும் பார்ப்பதற்கே மாதம் 130 ரூபாய் வரையில் இணைப்புக் கட்டணம் வாங்கலாம் என்று ஆயிற்று; வரி தனி. இலவசமாக இருப்பதைப் பார்க்கக் கட்டணம்! கோயில் இலவசம், வாசற்படிக்கு மட்டும் டிக்கெட் என்பதைப் போல.

டிஷ்: நல்ல காரியம்; மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டு வானத்தின் ஒரு குறிப்பிட்ட மூலையைத் தடையில்லாமல் பார்க்க வேண்டும். எதிரே கட்டிடம் நிற்கிற இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர் என்ன செய்வார்? மொட்டை மாடிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் வீட்டுக்காரரிடம் யார் பேசுவது? அதோடு, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற அந்த அலையைக் கனத்த மழை விழுங்கிவிடும். மழைச் செய்தி எப்போது வேண்டுமோ அப்போது படம் நின்றுபோகும். நம்மூர்க் கோபுரத்து அலை மழையைப் பொருட்படுத்துவதே இல்லை.

போன்: இதைத்தான் எல்லோரும் பிரமாதமாகச் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் போனில் ஒரே செய்தியைப் பார்த்தால், ஆயிரம் பேருக்கும் அது தனித்தனியாகப் போக வேண்டும். கூட்டம் கூடினால் திணறும். கோபுர ஒளிபரப்பு அப்படியல்ல. ஒருவர் பார்த்தாலும் ஒன்றுதான், கோடிப் பேர் பார்த்தாலும் ஒன்றுதான். விளக்குக் கம்பத்தின் கீழ் எத்தனை பேர் படித்தாலும் வெளிச்சம் குறைகிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது முக்கியம். நீங்கள் எந்தப் பக்கத்தில் கண் கலங்கினீர்கள், எந்தப் பக்கத்தில் என் நாவலை மூடிவிட்டுத் தூங்கிப்போனீர்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது. அது உங்கள் மானம். மாடிக் கம்பிக்கும் அந்த மானம் உண்டு. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது கோபுரத்துக்குத் தெரியாது. போனில் வருகிற படமோ, உங்களைப் பார்த்துக்கொண்டேதான் தன்னைக் காட்டுகிறது.

சிங்கப்பூரில் என் தங்கை மகள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அவளுடைய மாமியார் ஜன்னலோரத்தில் ஒரு புத்தகம் அளவுக்கு ஆண்டெனா வைத்துக்கொண்டு, காலணாச் செலவில்லாமல் வசந்தம் ஸ்டேஷனில் தமிழ் நிகழ்ச்சி பார்க்கிறாள். அங்கேயும் பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்கள். 2019 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாற்றுப் பெட்டியையும் ஆண்டெனாவையும் இலவசமாகக் கொடுத்தார்கள். புது வீட்டுக்குக் குடி வைத்துவிட்டுப் பழைய வீட்டை இடித்தார்கள். நாம் முதலில் இடித்துவிட்டோம். அதனால், சிங்கப்பூர்ப் பாட்டிக்குத் தமிழ் காற்றில் வருகிறது. வேளச்சேரி அம்மாளுக்கு வரவில்லை.

"சிங்கப்பூர் பணக்கார ஊர்" என்று நண்பர் சொன்னார். பணம் இல்லாதவன்தானே ஐயா பொதுக் குழாயைக் காப்பாற்ற வேண்டும்?

இனி, அந்த அம்மாளின் கதையை முடிக்கிறேன். சம்பளத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்க் கேபிள்காரரிடம் கட்டினாள். அன்று இரவே படம் வந்துவிட்டது. அடுத்து மழை வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போயிற்று, கேபிள் போயிற்று, போனில் சிக்னலும் போயிற்று. எங்கள் கட்டிடத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. கீழ் வீட்டிலிருந்து மாடிக்கு ஏறி வந்திருந்த பெரியவரின் பழைய டிரான்ஸிஸ்டர். இரண்டு பாட்டரியில் ஓடுகிற அந்தப் பெட்டியைச் சுற்றி, கையில் செத்த போன்களை வைத்துக்கொண்டு நாங்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

மின்சாரம் போனால் டெலிவிஷனும் இருண்டுதானே போகும் என்பீர்கள். சுவரில் தொங்குவது இருண்டுபோகும். போனுக்குள்ளேயே அந்தக் கருவி இருந்தால்? ஜப்பானில் 2006 ஏப்ரலிலிருந்து கைப்பேசிகளுக்கென்றே கோபுரத்திலிருந்து டெலிவிஷன் அனுப்பினார்கள். இங்கேயும் போனுக்கு நேரே ஒளிபரப்புவதை 19 நகரங்களில் சோதிக்கப் போவதாக 2024-இல் சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். நல்ல வார்த்தை. ஆனால் 2016-இலும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். இந்தத் தடவையாவது குழந்தை பிறந்ததை ஊருக்குச் சொல்லட்டும். பெட்டியிலும் போனிலும் கருவி இருக்க வேண்டுமென்று சட்டம் செய்யட்டும். ஏழை வீட்டுக்கு மாற்றுப் பெட்டி கொடுக்கட்டும். கலர் பெட்டியே கொடுத்த கைகளுக்கு அது ஒரு பாரமா?

தண்ணீர் வடிந்த பிறகு அந்த அம்மாள் வேலைக்கு வந்தாள். முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் பிடிக்கவில்லை. அது அவள் பட்ட கடன் அல்ல. தன் தலைக்கு மேலே வரும் புயலைத் தெரிந்துகொள்ள ஒரு குடிமகள் கடன் வாங்க நேர்ந்ததே, அந்தக் கடன் யார் கணக்கில் ஏற வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.