ஊர்வலம் வருகிறது, ஃபிளாஷை அணையுங்கள்!

ராத்திரி நேரத்தில் விளக்கு ஊர்வலத்தைப் போட்டோ எடுப்பது எப்படி என்று எழுதச் சொல்லி இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். "வீட்டையும் உடம்பையும் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் காமிராவுக்கு என்ன வேலை?" என்று யாராவது முகத்தைச் சுளிக்கலாம். காதுகுத்தா, பிறந்தநாளா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, இன்றைக்கு வீட்டில் படம் எடுக்கிற வேலை பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. ஆகவே அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் சென்னீர்குப்பத்தில் எதிர் வீட்டுப் பெண் போன கோடையில் குடும்பத்தோடு டோக்கியோ போய் வந்தாள். மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அங்கே டிஸ்னிலாண்டில் இருட்டிய பிறகு விளக்கு ஊர்வலம் விடுகிறார்கள் அல்லவா, அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் துடியாய்த் துடித்தார்கள். திரும்பி வந்த மறுநாளே காமிராவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்! நூத்தி எண்பது படம் எடுத்திருக்கேன். ஒண்ணாவது உருப்படியா இருக்கா, சொல்லுங்க."

பார்த்தேன். முன்னால் நின்ற ஜனங்களின் பின்மண்டைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளேரென்று இருந்தன. அதற்கு அப்பால் கன்னங்கரேல். நடுநடுவே பச்சையும் சிவப்புமாய் நூல் கண்டு சிக்கலானதுபோல் கோடுகள். அவ்வளவுதான். முழங்கால் வலியால் பயணம் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட மாமியார், "எங்கேடி அந்த விளக்கு ரதம்? காட்டு பார்க்கலாம்" என்று கேட்டாராம். காட்ட ஒன்றும் இல்லாமல் இவள் விழித்திருக்கிறாள். இன்னொரு தடவை டோக்கியோ போவது நம் கையிலா இருக்கிறது?

அவளிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, ஃபிளாஷ் போட்டுத்தானே எடுத்தே?"

"பின்னே, இருட்டா இருந்துதே அக்கா!"

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறோம். காமிராவில் இருக்கிற குட்டி ஃபிளாஷ் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்குத்தான் எட்டும். ஊர்வலமோ முப்பதடி தள்ளிப் போகிறது. வெளிச்சம் எல்லாம் முன்னால் நிற்பவர் தலையில் இறங்கிவிடும். அப்படியே பக்கத்தில் வந்தாலும், எரிகிற விளக்கின் மேல் வெள்ளை வெளிச்சத்தை அடித்தால் விளக்கின் அழகு என்ன ஆகும்? பட்டப்பகலில் அகல் ஏற்றின மாதிரிதான். யானையோ குதிரையோ வருகிற ஊர்வலமாக இருந்தால் ஃபிளாஷ் கூடவே கூடாது. மிரளும். கண்டியில் எசல பெரஹரவின்போது யானைகளுக்கே பல்பு கோத்த போர்வை போர்த்தி அழைத்து வருகிறார்கள். இரு பக்கமும் கொப்பரைத் தேங்காய்ப் பந்தங்கள் எரிகின்றன. அதற்கு மேல் நம் வெளிச்சம் எதற்கு?

டிஸ்னிக்காரர்கள் இந்த மின்விளக்கு ஊர்வலத்தை 1972இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தார்கள். டோக்கியோவுக்கு அது 1985இல் வந்தது. இப்போது அங்கே நடப்பது 2001இல் புதிதாகச் செய்தது. ஆனால் விளக்கு ஊர்வலம் நமக்கு என்ன புதுசா? காஸ் லைட்டைத் தலையில் சுமந்து ஆட்கள் வரிசையாக நடக்க, பெருமாள் கருடன் மேல் வருவார். பிறகு ஜெனரேட்டர் வந்தது, சீரியல் செட் வந்தது, பூப்பல்லக்கு முழுக்க மினுமினு என்று ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பூந்தமல்லி வரதராஜப் பெருமாள், திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள், மாங்காடு காமாட்சி, திருவேற்காடு கருமாரி என்று நாலு திக்கிலும் கோயில். வெளிநாடு போகிறவர்கள் அதற்கு முன்னால் இரண்டு மூன்று சாமி புறப்பாட்டில் கையைப் பழக்கிக்கொண்டு போனால் போதும். இருட்டு, நகருகிற விளக்கு, கூட்டம் எல்லாம் ஒரே கணக்குத்தான். படம் கெட்டாலும் நஷ்டமில்லை, அடுத்த உற்சவம் வந்துவிடும்.

முதலில் நிற்கிற இடம். நேர் தெருவில், நடுவாந்தரத்தில் போய் நிற்காதீர்கள். தெரு முனையில், ஊர்வலம் திரும்புகிற இடத்தில் நில்லுங்கள். திரும்பும்போது வாகனம் மெதுவாகும். அதோடு நம்மை நோக்கி நேராக வரும். குறுக்கே கடந்து போகிற பொருள் படத்தில் கலங்குகிற அளவுக்கு எதிரே வருகிற பொருள் கலங்காது. குறுக்கே போவதை எடுக்க 1/125 செகண்டு வேகம் வேண்டும். எதிரே வருவதற்கு 1/60 போதும். பாதி வேகம் என்றால் இரண்டு பங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது என்று அர்த்தம். ராத்திரியில் அது பெரிய லாபம் அல்லவா?

அதைவிட லாபம், சாமி நிற்கிற நேரம். மண்டகப்படிக்கு மண்டகப்படி வாகனத்தை நிறுத்தி, கட்டைகளில் தாங்கி வைத்து, கற்பூர ஆரத்தி காட்டுவார்கள். அந்த அரை நிமிஷத்தில் எல்லாம் அசையாமல் நிற்கும். ஆரத்தி வெளிச்சம் அம்மன் முகத்தில் படுகிற நேரத்துக்கு எந்த ஃபிளாஷும் ஈடாகாது. மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிஸ்னி ஊர்வலத்தில் ஆரத்தி கிடையாது. ஆனாலும் வண்டிகள் வளைவில் தயங்கத்தான் செய்யும். காத்திருந்து பிடியுங்கள்.

எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பங்குனியில் சென்னையில் சூரியன் சுமார் ஆறேகால், ஆறரைக்குள் மறைகிறான். மறைந்தபின் ஒரு கால் மணி, இருபது நிமிஷம் வானம் கருநீலமாக இருக்கும். கோபுரமும் தெரியும், பல்புகளும் தெரியும். ஏழு மணிக்கு மேல் எடுத்தால் கோபுரம் இருட்டில் கரைந்து விளக்குப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

இனி காமிராவைத் திருப்புகிற கதை. ஐ.எஸ்.ஓ. என்று ஒன்று இருக்கும். அதை 1600, 3200 என்று ஏற்றிவிடுங்கள். படத்தில் ரவை தூவினாற்போல் பொறிப்பொறியாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்! பொறி விழுந்தாலும் முகம் அடையாளம் தெரியும். கலங்கிப் போன படத்தில் மாமியாருக்கு எதைக் காட்டுவீர்கள்?

அடுத்தது, ஜூம் பண்ணிப் பக்கத்தில் இழுக்காதீர்கள். சாதாரணக் காமிராக்களில் ஜூமை நீட்ட நீட்ட லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் குறையும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். செல்போனிலோ கேட்கவே வேண்டாம், பல சமயம் இருக்கிற படத்தையே வெட்டிப் பெரிதாக்குகிறது. இரண்டு அடி முன்னால் போய் நிற்பதுதான் நல்ல ஜூம். செல்போனில் "நைட் மோடு" என்று ஒன்று தானாகவே வந்து நிற்கும். அது இரண்டு மூன்று செகண்டு பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற வித்தை. நிற்கிற கோபுரத்துக்கு அருமையாக இருக்கும். நடக்கிற ஊர்வலத்தை எடுத்தால் சாமிக்கு நாலு நிழல் விழும். ஊர்வலம் நகரும்போது அதை அணைத்துவிடுங்கள்.

காமிராவுக்கு ஒரு அசட்டுத்தனம் உண்டு. சுற்றிலும் இருட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வெளிச்சம் போதவில்லை" என்று தானாகவே ஏற்றிக்கொள்ளும். அப்போது பல்புகள் எல்லாம் நிறம் செத்து வெள்ளைப் பொட்டாகிவிடும். பிளஸ்-மைனஸ் பொத்தானில் மைனஸ் 1 வையுங்கள். செல்போனில் ஒளிர்கிற பாகத்தை விரலால் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்தால் சிவப்பு சிவப்பாகவும், பொன் பொன்னாகவும் தெரியும்.

சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுகிறது, காமிரா ரிப்பேரா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ரிப்பேர் இல்லை. நம் வீட்டு மின்சாரம் செகண்டுக்கு 50 சுற்று. அதில் எரிகிற டியூப் லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் செகண்டுக்கு நூறு தடவை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாதது வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆடி மாதத்தில் தெருமுனைக்குத் தெருமுனை சவுக்குக் கம்பு கட்டி, சீரியல் பல்பிலேயே அம்மனை வரைந்து நிறுத்துகிறார்களே, அதற்கு வேறு கணக்கு. அந்த விளக்குகள் ஓடி ஓடி எரியும். வேகமாக எடுத்தால் அம்மனுக்குக் கிரீடம் இருக்கும், கை இருக்காது! ஷட்டரை அரை செகண்டு, ஒரு செகண்டு என்று திறந்து வைத்தால் எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து முழு உருவமும் பதியும். அத்தனை நேரம் கையில் ஆடாமல் பிடிக்க முடியாது. காம்பவுண்டு சுவர் மேல் வைத்து, இரண்டு செகண்டு டைமர் போட்டுவிடுங்கள். கரண்டுக் கம்பத்தில் மட்டும் சாயாதீர்கள். விழா நாளில் எந்த ஒயர் எங்கே தொங்குகிறதென்று கட்டினவருக்கே தெரியாது.

குச்சியில் போனை மாட்டித் தலைக்கு மேல் தூக்குகிற பழக்கம் வேண்டாம். பின்னால் நிற்கிற குழந்தைக்கு மறைக்கும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2015 முதலே அந்தக் குச்சிக்குத் தடை.

குழந்தை என்றதும் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். கண் சின்னத் திரையில் இருக்கும்போது கை தானாகத் தளரும். கூட்டம் ஒரு தள்ளு தள்ளினால் மூன்று வயதுக் குழந்தை எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே படம் எடுக்கிறவர் குழந்தையைப் பிடிக்க வேண்டாம், குழந்தையைப் பிடித்தவர் படம் எடுக்க வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாமல் போனீர்களானால் காமிரா பைக்குள் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். தவில், வெடி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்காதீர்கள். அந்தச் சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகாது.

எத்தனை படம் எடுக்கலாம்? என்னைக் கேட்டால் ஒரு ஊர்வலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதிலும் இரண்டு மூன்றை ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி எடுங்கள். ஆமாம், முதுகைக் காட்டித்தான்! வாகனம் உங்களுக்கு நேராக வருகிற சமயம் அதன் வெளிச்சம் முழுவதும் எதிரே நிற்கிறவர்கள் முகத்தில் விழும். கணவர் தோளில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்க்கிற குழந்தையின் கன்னத்தில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி ஓடும். அதற்கு 1/60 போதும், மைனஸும் தேவையில்லை. பிறகு காமிராவை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாகனம் வரும்போது அவர் உங்கள் இரண்டு பேரையும் எடுக்கட்டும். பொத்தானை எல்லாம் நீங்களே சரிபண்ணிக் கொடுங்கள். ஃபிளாஷை மறுபடி போட்டுவிடாமல் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.