அச்சுவேலி வீட்டுக்குக் கண்ணாடி நிலம் எதற்கு?

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சில நாள்களுக்கு முன்னர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அச்சுவேலியில் இருக்கும் தமது பெற்றோரின் வீட்டைத் திருத்தப் போகிறாராம். பழைய சிவப்புச் சீமெந்து நிலத்தை உடைத்துவிட்டு, ‘எப்பொக்சி’ எனப்படும் பிசினை ஊற்றிக் கண்ணாடிபோல மினுங்கும் நிலம் போட விரும்புகிறார். எந்த வகை நல்லது, எப்படிப் பராமரிப்பது என்பதே கேள்வி. இதே கேள்வியை இரண்டு ஆண்டுகளில் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டனர். எனவே எல்லோருக்குமான பதிலாக இதை எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமானது: வேண்டாம். ஏன் என்பதை விளக்கச் சற்று இடம் வேண்டும்.

என் உறவினர் வீடு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவணி மாத வெயிலில் ஆட்கள் வந்தார்கள். விறாந்தையிலும் மண்டபத்திலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த காவி நிலத்தை இயந்திரத்தால் அராவி எடுத்தார்கள். பிசினை ஊற்றினார்கள். இரண்டு கிழமையில் வேலை முடிந்தது. படங்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போயின, எல்லோரும் பாராட்டினார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. தைப்பொங்கலுக்கு முன்னரே மண்டபத்தின் நடுவில் ஒரு ரூபாக் குற்றியளவில் கொப்புளங்கள் எழும்பின. மாசியில் அவை வெடித்து, ஓரங்கள் உரிந்து வந்தன. அதற்கு முன்பே, கிணற்றடியில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்த பெரியம்மா விறாந்தையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேலை செய்தவரிடம் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: “எங்கட சாமானில பிழையில்லை ஐயா, உங்கட நிலத்திலதான் ஈரம் கிடக்குது.”

அவர் சொன்னது உண்மை. ஆனால் நிலத்தில் ஈரம் இருப்பது நிலத்தின் குற்றமா? அதைப் பாராமல் ஊற்றியவரின் குற்றமா? பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து படத்தைப் பார்த்துத் தெரிவு செய்தவரின் குற்றமா?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மீது இருக்கிறது. நமக்கு ஆறு கிடையாது. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதன் கீழே கடல்நீர். அச்சுவேலியிலிருந்து சிறிது தூரத்தில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சிறுபிள்ளையும் அறியும். கிழக்கே தொண்டைமானாற்று ஏரி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயலின்போது வீட்டுக்குள் நீர் நின்றதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் ஈரம் அத்திவாரத்தினூடாகவும் நிலத்தினூடாகவும் மேலே ஏறுகிறது. உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுவரடியில் உவர் பூப்பது அதனால்தான்.

பழைய சீமெந்து நிலம் இந்த ஈரத்தை மூச்சுவிட்டபடி வெளியே அனுப்பிவிடும். மழைக்காலத்தில் சற்றுக் கறுக்கும், பங்குனி வெயிலில் மீண்டும் சிவக்கும். பிசின் நிலம் மூச்சுவிடாது. நீராவியைக் கடக்கவிடாமல் மூடிவிடும். கீழிருந்து வரும் ஈரம் வழியில்லாமல் பிசினை உந்துகிறது. கொப்புளம் அதன் விளைவு. இன்றைய கட்டடங்களில் கொங்கிறீற்றின் அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்றை இட்டு ஈரத்தைத் தடுப்பார்கள். 1960களில் கட்டிய நமது வீடுகளில் அது எங்கே இருக்கிறது?

எப்பொக்சி என்பது புதிய மந்திரமன்று. உடைந்த கோப்பையை ஒட்ட நாம் வாங்கும் அரால்டைட் பசையின் இனந்தான் அது. பிசின் ஒரு பாத்திரம், அதை இறுகச்செய்யும் திரவம் இன்னொரு பாத்திரம். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் வேதிமாற்றம் நிகழ்ந்து கல்லாகிறது. மூட்டு இல்லாத, கிருமி ஒளிந்திருக்க இடுக்கு இல்லாத நிலம் அதனால் கிடைக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் மருந்துத் தொழிற்சாலைக்கும் உணவு பொதிசெய்யும் இடத்துக்கும் அது மிகவும் பொருத்தமானது. இந்திய உதவியுடன் 2014 இல் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டையில் ஒருவர் அத்தகைய நிலம் போட்டால் நான் பாராட்டுவேன். வெறுங்காலுடன் நடக்கும், வாசலில் கால் கழுவும், குசினியில் திருவலை போட்டிருந்து தேங்காய் திருவும் ஒரு வீட்டுக்கு அது எதற்கு?

“நீர் பழமைவாதி” என்பார்கள். பழைய நிலத்தைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவுமில்லை. அது வெடிக்கும். சாயம் மங்கும். முழந்தாளில் இருந்து பொலிஷ் பூசித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்பை அழகென்று வருணிக்க எனக்கு வாய் வராது. சாணத்தால் மெழுகிய நிலத்துக்குத் திரும்புவோம் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சிவப்பு நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நமது சுண்ணக்கல்லிலிருந்து வந்த சீமெந்தில் நமது மேசன்மார் இட்ட நிலங்கள் அவை. 1990 இல் அந்தத் தொழிற்சாலை நின்றது. அதன்பின் வடக்குக்குச் சீமெந்து கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டது. ஒரு மூடை சீமெந்துக்கு மக்கள் பட்ட பாட்டைச் செய்தியாக எழுதியவன் நான். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை, கதவும் யன்னலும் இல்லை, கிணற்றடியில் கப்பியும் இல்லை. நிலம் இருந்தது. அம்மா முதல் வேலையாக அதைக் கழுவினார். அன்றிரவு அதில்தான் படுத்தோம்.

உணர்ச்சிக்காக இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுக்காலப் போரையும் மழையையும் தாங்கிய ஒன்றை, ஒரு மாரியைத் தாங்காத ஒன்றுக்காக அராவி எறிகிறோம் என்பதே என் முறைப்பாடு. காவி நிலத்தின் வழுவழுப்பான மேற்பரப்பில் பிசின் ஒட்டாது. ஆகவே அதை அராவியே தீரவேண்டும். பிசின் பிழைத்தால் பழையதற்குத் திரும்ப வழியில்லை.

இன்னொன்றையும் நினைவூட்டவேண்டும். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைத் தர அரசாங்கம் முற்பட்டபோது நாம் என்ன சொன்னோம்? எமது காலநிலைக்கு ஒவ்வாதது, உள்ளூர் மேசனுக்கு வேலை தராதது, பழுதானால் இங்கே திருத்த முடியாதது, குடியிருப்பவரைக் கேளாமல் முடிவுசெய்யப்பட்டது என்றோம். சரியாகவே சொன்னோம். அதே நான்கு குற்றங்களையும் இன்று நாமே, நமது காசில், நமது தாய் தந்தையரின் வீட்டில் செய்கிறோம். கொழும்பு செய்தால் திணிப்பு, நாம் செய்தால் அன்பா?

வழுக்குவது சிறிய விடயமன்று. உலகெங்கும் விழுந்து இறப்போர் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது; அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. நம் ஊர் வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் போய்விட்டார்கள், முதியவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டபின்னரும் போட்டே தீருவேன் என்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லவேண்டியது என் கடமை.

முதலாவது, சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நிலத்தில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒருநாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். இதை ஆவணியில் செய்து ஏமாறாதீர்கள், மார்கழியில் செய்யுங்கள். அப்போது நனையாவிட்டாலும் அது முழு உறுதி ஆகாது. ஈரமானியால் அளக்கும்படி கேளுங்கள். புதிய கொங்கிறீற் என்றால் குறைந்தது 28 நாள் ஆறவேண்டும்.

இரண்டாவது, தடிப்பு. உருளைத் தூரிகையால் பூசும் எப்பொக்சி வர்ணத்தையே ‘ஊற்றிய நிலம்’ என்று விற்பவர்கள் உண்டு. அது ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்குதான். உண்மையாக ஊற்றும் நிலம் 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். கணக்கு எளிது: ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வர ஒரு லீற்றர் தேவை. நூறு சதுர அடி அறைக்கு 2 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 18½ லீற்றர். வீட்டுக்கு வந்த வாளிகளை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வெயில். எப்பொக்சி சூரிய ஒளியில் மஞ்சளிக்கும். விறாந்தையில் அது வேண்டவே வேண்டாம். யன்னல் வெளிச்சம் படும் அறையென்றால், ஒளியைத் தாங்கும் ‘அலிபாற்றிக்’ வகைப் பொலியூரிதேன் மேற்பூச்சு இருக்கவேண்டும். நான்காவது, வழுக்கல். மேற்பூச்சில் நுண்ணிய குவார்ட்ஸ் மணல் கலக்கச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் ஊசல் கருவியால் ஈர நிலத்தை அளந்து 36 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வழுக்கும் அபாயம் குறைவு என்கிறார்கள். அந்த அளவீடு இருக்கிறதா என்று கேளுங்கள். மணல் சேர்த்தால் கண்ணாடிப் பளபளப்புப் போய்விடும். அந்தப் பளபளப்புக்காகத்தானே இவ்வளவும் என்று நீங்கள் கேட்டால், என் வாதத்தை நீங்களே முடித்துவைத்துவிட்டீர்கள்.

பராமரிப்பு இலகு என்பதும் பாதி உண்மையே. வலிகாமத்துச் செம்மண்ணிலுள்ள மணல் காலில் ஒட்டிவந்து நிலத்தை அரத்தாள்போலக் கீறும். நாள்தோறும் மென்மையான தும்புத்தடியால் கூட்டவேண்டும், வாசலில் கால்மிதி வேண்டும். காரமோ அமிலமோ அற்ற சவர்க்கார நீரால் துடைக்கலாம். மலசலகூடம் கழுவும் அமிலம் ஆகாது. மஞ்சள் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும். கொதிக்கும் பானையை இறக்கிவைத்தால் அடையாளம் விழும். கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டவேண்டும். மேற்பூச்சைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். ஓரிடத்தில் பழுதானால் ஒட்டுப்போட்டது தெரியும். சீமெந்து நிலத்தின் வெடிப்பை ஊர் மேசன் ஒருவர் அரைநாளில் அடைப்பார். இதைத் திருத்த யாரை அழைப்பீர்கள்?

கடைசியாக, எவரும் பேசாத ஒன்று. இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டானால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். அந்தத் தொழிலையே விடவேண்டி வரும். பொலியூரிதேனில் உள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. நான் பார்த்த வேலையில் இருபது வயதுப் பையன்கள் வெறுங்கையால் கலந்துகொண்டிருந்தார்கள். கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுக்கக் காசில்லாத வேலைக்காரரைக் கூப்பிடாதீர்கள். அவர்களுக்கில்லாவிட்டால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். வெடிப்பை அடையுங்கள், நன்றாகக் கழுவிப் பொலிஷ் பூசுங்கள், அந்த வேலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். மிச்சக் காசில் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் கைப்பிடி பொருத்துங்கள். எதையும் செய்வதற்கு முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, “அம்மா, உங்களுக்கு எப்படிப்பட்ட நிலம் வேணும்?” என்று கேளுங்கள்.

அவர் இன்னும் கேட்கவில்லை. வேலைக்காரருக்கு முற்பணம் அனுப்பிவிட்டாராம்.