சுடுநீர்த் தாங்கி யாருக்குச் சொந்தம்?

அல்பேர்ட்டா மாகாணத்தில் கல்கரி நகருக்குத் தெற்கே, மேய்ச்சல் நிலங்களும் பயிர் நிலங்களும் சூழ அமைந்த ஊர் ஓக்கடொக்ஸ். அங்கே டிரேக் லான்டிங் என்னும் குடியிருப்பிலுள்ள 52 வீடுகள், உறைபனிக் காலத்திலும் பெரும்பாலும் சூரிய வெப்பத்தினாலேயே சூடாக்கப்பட்டு வந்தன. 2007ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்த ஏற்பாடு 2011இல் உலக விருதொன்றையும் பெற்றது. 2024ஆம் ஆண்டில் அதனை மூடிவிடுவதென்ற முடிவு வெளியாகியது. சூரியனை நம்பி வாழ்ந்த வீடுகளுக்குள் எரிவாயு உலைகள் புகுந்தன.

மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நடந்த இச்செய்தி எமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஸ்காபுறோவிலிருந்து அஜக்ஸ், விட்பி, ஒஷாவா எனக் கிழக்கு நோக்கி வீடு வாங்கிச் சென்ற எமது குடும்பங்கள் பல. அவ்வீடுகளின் நிலக்கீழ் அறையில் நிற்கும் சுடுநீர்த் தாங்கியை மாற்றுமாறு இன்று அரசும் சொல்கிறது, விற்பனையாளரும் சொல்கின்றனர், சூழலியலாளரும் சொல்கின்றனர். கனடிய வீடொன்று செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சுடுநீருக்கே போகின்றது. வீட்டைச் சூடாக்குவதற்கு அடுத்த பெருஞ்செலவு இதுவேயாகையால், மாற்றம் தேவை என்பதில் எமக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எதை மாற்றுவது என்பதற்கு முன்னர், மாற்றியதைக் காலமெல்லாம் பேணுபவர் யார் என்ற கேள்வி எழ வேண்டும். ஓக்கடொக்ஸ் விழுந்தது அந்தக் கேள்வியிலேதான்.

அங்கிருந்த ஏற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. வாகனக் கொட்டில்களின் கூரைகள் மீது மொத்தம் 800 வெப்பத் தகடுகள் வைக்கப்பட்டன. அவற்றினூடாக ஓடிய உறையாத திரவம் கோடை வெயிலை வாங்கிக்கொண்டு பொது நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து அவ்வெப்பம், எமது ஊர்க் குழாய்க் கிணறுகளை ஒத்த 144 துளைகள் வழியாக, ஏறக்குறைய 35 மீற்றர் ஆழம்வரை நிலத்துக்குள் இறக்கப்பட்டது. கோடை முடியும்போது அந்த மண் 80 பாகை செல்சியஸை எட்டும். மாரியில் அதே வெப்பம் குழாய்வழி வீடுகளுக்குத் திரும்பும். நெல்லைப் பட்டறையில் சேமிப்பதுபோல் வெயிலை நிலத்தில் சேமித்தனர் எனலாம். 2015-2016 குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் தேவை முழுவதையும், நூற்றுக்கு நூறு, சூரியனே நிறைவேற்றியது. குளிப்பதற்கும் சமையலுக்குமான சுடுநீருக்கு ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் வேறாகத் தகடுகள் இருந்தன. அவை சுடுநீர்த் தேவையின் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சமாளிக்கும் வண்ணம் அமைக்கப்பட்டவை. வெயில் என்று பார்த்தால், கல்கரிப் பகுதிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மணி நேரம் கிடைக்கின்றது. ரொறன்ரோப் பகுதிக்கு 2,000 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆகவே வெயில் ஏமாற்றவில்லை. பிழைத்தது மற்றவை. ஆண்டுகள் பல கடந்தபின் பாகங்கள் பழுதுபடத் தொடங்கின. இக்குடியிருப்புக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட பொறிகளாகையால் மாற்றுப் பாகங்கள் கிடைப்பதும், திருத்தத் தெரிந்தவர் கிடைப்பதும் அரிதாயின. இருந்ததோ 52 வீடுகள். அவ்வளவு சிறிய தொகையினரிடம் இவ்வளவு பெரிய திருத்தச் செலவைப் பகிர முடியாது. இதற்கும் மேலாக, அந்த ஏற்பாடு வீட்டுக்காரருக்குச் சொந்தமானதன்று. எரிவாயு நிறுவனம், வீடு கட்டும் நிறுவனம், நில அபிவிருத்தி நிறுவனம், நகரசபை ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த கம்பனியொன்றின் உடைமையாக அது இருந்தது. கம்பனி கைவிடத் தீர்மானித்தபோது வீட்டுக்காரரிடம் எஞ்சியது, அடுத்து எந்த உலையைப் பொருத்துவது என்ற தெரிவு மட்டுமே. பரிசோதனை முயற்சி என்ற வகையில் அது வெற்றி என்று பொறியியலாளர் கூறுவர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பரிசோதனை முடிந்த பின்னரும் அந்த வீடுகளில் மனிதர் குடியிருக்க வேண்டுமல்லவா?

இதற்கு நேர் மாறான ஊரொன்று டென்மார்க்கில் உண்டு. எமது அகதி மக்கள் கணிசமாக வாழும் நாடு அது. ஏரோ என்னும் தீவிலுள்ள மார்ஸ்டால் சிற்றூரில் 1996இலேயே சூரிய வெப்ப நிலையம் தொடங்கப்பெற்று, 2012அளவில் 33,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தகடுகளாக வளர்ந்தது. கோடை வெப்பத்தை அங்கே 75,000 கன மீற்றர் நீர் கொள்ளும் மூடிய குளத்தில் தேக்குகின்றனர். ஊரின் வெப்பத் தேவையிலும் சுடுநீர்த் தேவையிலும் ஏறக்குறைய பாதியைச் சூரியன் தருகின்றது. மிகுதிக்குப் பெரும்பாலும் மரச் சிராய்களை எரிக்கின்றனர். அங்கேயும் பழுது வந்தது. குளத்தின் மூடி கெட்டுப் புதிதாக மாற்றப்பட்டது. ஆனால் நிலையம் மூடப்படவில்லை. ஏனெனில் அது சுடுநீர் பாவிக்கும் ஊரவரே உறுப்பினராகவுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை. யாழ்ப்பாணத்தில் ஐக்கிய சங்கக் கடையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த 1990களில் அங்கே வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோ உதவியதையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பொறி உலக விருது எதையும் பெறவில்லை. ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவன் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தான்.

இனி எமது நிலக்கீழ் அறைக்கு வருவோம். ஒன்ராறியோவில் சுடுநீர்த் தாங்கியை வாடகைக்கு எடுப்பது நீண்டகால வழக்கம். புதிய வீடாயின், கட்டியவரே வாடகை ஒப்பந்தத்தைச் செய்து வைத்திருப்பார். பழைய வீடாயின், விற்பனைப் பத்திரத்தின் ஒரு மூலையில் 'வாடகைப் பொருட்களை வாங்குபவர் பொறுப்பேற்பார்' என்ற வரி இருக்கும். வீட்டு விலையையும் அடைமான வட்டியையும் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கும் எம்மவர் இவ்வரியைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மாதம் 30 டொலர் என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ஆண்டுகளில் 4,320 டொலர் ஆகின்றது. அவ்வளவு கட்டிய பின்பும் தாங்கி எமதன்று.

இவ்வாடகை வணிகத்தின் வரலாறும் அவ்வளவு நல்லதன்று. தாங்கியைத் திருப்பிக் கொடுத்து விலக விரும்பும் வாடிக்கையாளரைத் தடுக்கின்றன என்று 2012ஆம் ஆண்டு கனடியப் போட்டி ஆணையகம் இரு பெரிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. 2014இலும் 2015இலும் அவை இணக்கமாக முடிந்தன. ஒரு நிறுவனம் 50 இலட்சம் டொலரும் மற்றையது 10 இலட்சம் டொலரும் செலுத்த உடன்பட்டன. பின்னர் வீடு வீடாகக் கதவு தட்டி ஒப்பந்தம் வாங்கும் தொல்லை பெருகியது. 2018 மார்ச் 1 முதல், வீட்டுக்காரர் அழைக்காமல் வந்து சுடுநீர்த் தாங்கி, உலை போன்றவற்றை வாசலில் வைத்து ஒப்பந்தம் செய்வதை மாகாண அரசு தடைசெய்தது. தடை வந்த பின்னும் தொலைபேசியிலும் 'இலவசச் சக்திப் பரிசோதனை' என்ற பெயரிலும் அவ்வணிகம் தொடர்ந்தது. கையொப்பமிட்ட சில நாட்களில் வீட்டின் காணிப் பதிவேட்டிலேயே நிறுவனத்தின் பெயரில் உரிமை அறிவித்தல் ஏறிவிடும். வீட்டை விற்கப் போகும்போதுதான் பல ஆயிரம் டொலர் கட்டாமல் விற்க முடியாதென்பது தெரியவரும். ஆங்கிலம் சரளமாக வராத முதியோரே இதில் பெரிதும் அகப்பட்டனர். 2024 யூன் 6ஆம் திகதி சட்டமாகிய வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், பாவனைப் பொருட்களுக்கான இத்தகைய பதிவுகளைத் தடைசெய்ததோடு, ஏற்கனவே இருந்தவற்றையும் செல்லாதவையாக்கியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லாதுபோனது பதிவு மாத்திரமே. அதன் பின்னாலுள்ள ஒப்பந்தமும் கடனும் அதனால் தாமாக நீங்கிவிடுவதில்லை. அதற்கு வழக்கறிஞரின் ஆலோசனை வேண்டும்.

இன்று விற்பனையாளர் அதிகம் பேசுவது வெப்பப் பம்பியால் இயங்கும் சுடுநீர்த் தாங்கியைப் பற்றி. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல், இது அறைக் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகின்றது. ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுசக்தியிலும் நீர்வீழ்ச்சியிலும் இருந்து வருவதால் புகையும் குறைவு. 2014இல் மாகாணம் நிலக்கரி நிலையங்களை முற்றாக மூடிவிட்டது. ஒஷாவாவுக்குக் கிழக்கே அயலிலேயே டார்லிங்டன் அணுமின் நிலையம் நிற்கின்றது. 2023 மே மாதம் அறிமுகமான இரவுநேரக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் மிகக் குறைந்த விலைக்குத் தண்ணீரைச் சுடவைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் உண்மை. விற்பனையாளர் சொல்லாதவையும் உண்டு. இப்பொறி இருக்கும் அறை குளிரும். இயங்கும்போது இரைச்சலும் உண்டு. எமது வீடுகளில் நிலக்கீழ் தளம் வெறுமனே கிடப்பதில்லை. அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும், அல்லது ஊரிலிருந்து வந்த பெற்றோர் படுத்திருப்பர். அவர்களது கதவருகே குளிர்காற்றை வீசும் பொறியை வைப்பது நியாயமாகாது. காற்றோட்டமற்ற சிறு அறைக்குள் அடைத்தால் அது திறம்பட இயங்கவும் மாட்டாது. மாரியில் அது இழுக்கும் வெப்பம் வீட்டு உலை தந்த வெப்பமேயாகையால் சேமிப்பும் அக்காலத்தில் சுருங்கும். எட்டுப் பேர் காலையில் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில், தண்ணீர் மறுபடி சூடேற எரிவாயுத் தாங்கியைவிடக் கூடிய நேரம் பிடிக்கும்.

எரிவாயு மலிவாகக் கிடைக்கும் வீட்டுக்காரர் மாற்றத்தால் பெறும் பணச் சேமிப்பு பெரிதாக இராது. 2025 ஏப்ரல் 1 முதல் பாவனையாளர் மீதான கரிம வரி நீக்கப்பட்டபின் அது மேலும் குறைந்துவிட்டது. அவர்கள் பழைய தாங்கியின் ஆயுள் முடியும்வரை பொறுக்கலாம். வாடகையிலிருந்து விடுபடுவதே அவர்களுக்கு முதற் சேமிப்பு. ஒஷாவாவின் வடக்கே பண்ணைகள் நடுவே எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகளின் கணக்கு வேறு. புரொப்பேன் அல்லது சாதாரண மின்சாரச் சுருளால் தண்ணீர் சுடவைக்கும் அவ்வீடுகளில் வெப்பப் பம்பி விரைவில் தன் விலையை மீட்டுத் தரும். திறந்த வெளியும் மரநிழல் படாத கூரையும் அங்கே உண்டாகையால் சூரியத் தகடுகளுக்கும் அவையே ஏற்றவை. ஆனால் உறைபனியைத் தாங்கும் திரவம், குழாய்கள், பம்பி ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்க்கக்கூடிய தொழிலாளி அயலில் இருக்கிறாரா என விசாரித்த பின்பே கூரையில் ஏற்ற வேண்டும். கூரையில் மின்சாரத் தகடுகளை வைத்து, அம்மின்சாரத்தால் வெப்பப் பம்பியை இயக்குவது இப்போது இலகுவான வழி என்பது எமது கருத்து. அதில் உறையக்கூடிய குழாய் எதுவும் கூரையேறுவதில்லை.

நிலத்தில் வெப்பம் சேமிக்கும் முறை ஒஷாவாவுக்கும் புதியதன்று. ஒன்ராறியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தின் கீழே, ஏறக்குறைய 200 மீற்றர் ஆழமான நூற்றுக்கணக்கான துளைகள் அக்கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவுகின்றன. அங்கே உடைமையாளரும் பாவிப்பவரும் ஒருவரே. திருத்துவதற்கு ஆளும் வரவுசெலவும் உண்டு. ஓக்கடொக்ஸ் வீட்டுக்காரருக்கு இல்லாதிருந்தவை இவைதான்.

தாங்கியைத் தெரிவு செய்யும் உரிமையே இல்லாதோர் எம்மில் ஏராளம். அகதி விண்ணப்பத்தின் முடிவை எதிர்நோக்கி நிலக்கீழ் அறைகளில் வாழும் அவர்கள், தாங்கி மாற்றப்படும்போதும் பழுதுபடும்போதும் வாய்திறக்க அஞ்சுகின்றனர். ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின்படி சுடுநீர் இன்றியமையாத சேவைகளுள் ஒன்று. வாடகை பாக்கியிருந்தாலும் வீட்டுக்காரர் அதனை வேண்டுமென்றே நிறுத்த முடியாது. இந்தப் பாதுகாப்பு வாடகையாளருக்கு உரியது. அவரது குடிவரவு நிலை இதற்குத் தடையாகாது. சுடுநீர் நின்றால் முதலில் திகதியிட்டு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லையேல் மாகாண அரசின் வாடகைச் சட்ட அமுலாக்கப் பிரிவுக்கும், தேவையாயின் வீட்டுரிமையாளர் வாடகையாளர் சபைக்கும் முறையிடலாம்.